கவிழ்த்து வைத்த டம்ளர்கள்

உங்கள் கேன்டீனில் யாராவது குடித்து முடித்த டம்ளரை மேசைமேல் கவிழ்த்து வைக்கிறார்களா என்று பாருங்கள். கழுவி அடுக்கிய டம்ளரைச் சொல்லவில்லை, அது எங்கும் உள்ளதுதான். நான் சொல்வது எச்சில் டம்ளர், ஈரம் காயாமல், வாய் கீழாக. ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவே உள்ள ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள் என்றால் என்றாவது ஒருநாள் அதைப் பார்ப்பீர்கள். ஏன் என்று கேட்டால் ஒரு பேய்க்கதை சொல்வார்கள். அந்தப் பேயை உண்டாக்கியவன் நான்.

ஆலைக் கேன்டீன்களுக்கு உணவு ஆலோசகராக முப்பது வருடம் இருந்தேன். என்ன சமைப்பது, ஒருவருக்கு எவ்வளவு வைப்பது, எதைக் குறைப்பது என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. இப்போது அதே வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் என் அனுபவங்களைக் கேட்கிறீர்கள். நன்றாக நடந்தவை பல உண்டு. அவற்றை நான் சொல்லாமலே நீங்கள் செய்துவிடுவீர்கள். இதை மட்டும் சொல்கிறேன்.

கார்களுக்கு வேண்டிய வயர்களைக் கட்டுக்கட்டாகக் கோத்துத் தரும் ஆலை அது. பெயர் வேண்டாம். உற்பத்தி லைனில் நின்றவர்கள் அனைவரும் பெண்கள். மண்ணூர், பிள்ளைப்பாக்கம் என்று பக்கத்து ஊர்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருபவர்கள் பாதி, தெற்கிலிருந்து வந்து விடுதியில் தங்கியவர்கள் பாதி. மருத்துவப் பரிசோதனையில் பலருக்கு ரத்தம் குறைவு, எலும்புக்கு வேண்டிய சத்தும் குறைவு என்று வந்தது. நிர்வாகம் என்னை அழைத்தது.

கேன்டீன் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு தட்டு வரையச் சொன்னேன். பாதித் தட்டில் காய், கீரை, பழம். கால் தட்டில் சோறு. மீதிக் காலில் பருப்பு, முட்டை, மீன். தட்டுக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் பால். அந்த டம்ளருக்கு மட்டும் என்ன பெயின்ட் அடித்தார்களோ தெரியாது. விளக்கை அணைத்து ஷட்டரை இறக்கிய பிறகும் அது வெளுப்பாகத் தெரியும். இருட்டில் யாரோ சுவரருகே டம்ளரோடு நிற்பது போலிருக்கும்.

நம் கையேடுகளில் பாலோடு தயிரும் மோரும் இருக்கும். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கேழ்வரகு, எள், கீரை, முள்ளோடு தின்னும் நெத்திலி என்று வேறு வழிகளும் இருக்கும். வளர்ந்த பிறகு பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் திறன் பலருக்குக் குறைந்துபோகிறது, அது நோயில்லை, உடம்பின் இயல்பு என்பதையும் நான் படித்திருந்தேன். ஆனால் சுவரில் பாலை மட்டும்தான் வரைந்தேன். மோரில் எவ்வளவு தண்ணீர் என்று அளக்க வேண்டும். கீரையை யார் ஒதுக்கினார்கள் என்று பார்க்க வேண்டும். டம்ளரை எண்ணிவிடலாம். எண்ணக்கூடியதை நான் தேர்ந்தெடுத்தேன்.

காலை எட்டரை மணிக்கு, டிபனோடு, ஆளுக்கு ஒரு டம்ளர் பால். முதல் வாரத்தில் கால்வாசி டம்ளர்கள் அப்படியே திரும்பின. கை கழுவும் தொட்டியில் பால் கொட்டியிருந்தது. அங்கே ஒரு ஆளை நிறுத்தச் சொன்னேன். பிறகு ஒரு விதி எழுதினேன். பாலை மேசையிலேயே குடிக்க வேண்டும், குடித்ததும் டம்ளரைக் கவிழ்க்க வேண்டும். சூப்பர்வைசர் ஒரு பார்வையில் தெரிந்துகொள்ளலாம்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த ஆலையில் ஒவ்வொரு லைனுக்கும் ஒரு பலகை உண்டு. பிழையில்லாமல் வேலை முடித்தால் பச்சை வட்டம், ஒரு பிழை வந்தாலும் சிவப்பு வட்டம். அந்தப் பலகையில் ‘பால்’ என்று ஒரு கட்டம் சேர்க்கச் சொன்னேன். லைனில் ஒரே ஒரு டம்ளர் நிமிர்ந்திருந்தாலும் லைன் முழுவதற்கும் சிவப்பு. மறுநாளிலிருந்து நான் யாரையும் வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை. அவர்களே பார்த்துக்கொண்டார்கள்.

மூன்றாம் லைனில் மரகதம் என்றொரு பெண் இருந்தாள். மண்ணூர்க்காரி. இருபத்தாறு வயதிருக்கும், ஒரு பெண் குழந்தைக்குத் தாய். மூன்று வருடமாகப் பயிற்சித் தொழிலாளியாகவே வைத்திருந்தார்கள். அந்த வருடம் நிரந்தரம் செய்யப்படுவோர் பட்டியலில் அவள் பெயர் போயிருந்தது. ஒரு சிவப்பு வட்டம் அவள் பேரில் விழக்கூடாத நேரம். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அன்று எனக்குத் தெரிந்தது, அவளைச் சுற்றி நின்று மற்றவர்கள் பேசியது மட்டும்.

“ஒரு டம்ளர் பாலு. இன்னாடி விஷமா குடுக்கிறாங்க? மூக்கப் புட்சிகினு குடி.”

“குட்ச்சா வவுறு பொரட்டுதுக்கா. அப்பறம் லைன்ல நிக்க முடியல.”

“எங்களுக்கு மட்டும் தேனாட்டமா இனிக்குது? உன் ஒருத்தியால போர்டு செவப்பாவுது. உன்ன பெர்மனென்ட் பண்றாங்களோ இல்லியோ, எங்க பேரக் கெடுக்காத.”

“சூப்பர்வைசர் வர்றான், குடிடி.”

அவள் குடித்தாள். நான் பக்கத்து மேசையிலிருந்து பார்த்துச் சிரித்தேன். திட்டம் வேலை செய்கிறது என்று தோன்றியது.

மூன்றாவது வாரத்திலிருந்து எல்லாப் பலகையிலும் பச்சை. ஒருநாள் தவறாமல் பச்சை. அதற்கு முன் அந்தக் கேன்டீன் இரைச்சலாக இருக்கும். இப்போது எட்டரை மணி ஆனால் பேச்சு அடங்கிவிடும். நூற்றுக்கணக்கான பெண்கள் தலையைப் பின்னால் சாய்த்துக் குடிப்பார்கள். பிறகு எஃகு மேசைமேல் டம்ளர்கள் கவிழும் ஓசை ஒரே நேரத்தில் கேட்கும். அதன் பின் சுவரிலிருந்த டம்ளரைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார்கள். அதைப் பார்க்கச் சொல்லி நான் எழுதியதில்லை. அவர்கள் எழுந்து போன பிறகு வரிசை வரிசையாகக் கவிழ்ந்த டம்ளர்கள் மட்டும் இருக்கும். எண்ணிப் பார்ப்பேன். சரியாக இருக்கும்.

அப்போதுதான் வாடை வந்தது.

லைனுக்குப் போகும் வழியில் பெண்களின் லாக்கர் அறை. மதியம் தகரக் கூரை சூடேறும் வேளையில் அங்கே திரிந்த பாலின் வாடை வரும். ஏசி குழாயைத் திறந்து பார்த்தார்கள். சாக்கடையைக் கழுவினார்கள். எங்கும் ஒரு சொட்டுப் பால் இல்லை. வெயில் தாழ்ந்தால் வாடை அடங்கும். மறுநாள் அதே நேரத்தில் எழும்பும்.

பாத்திரம் கழுவும் பச்சையம்மா பிள்ளைப்பாக்கத்துக்காரர். ஆலை வருவதற்கு முன்பே அந்த நிலத்தை அறிந்தவர். ஒருநாள் கையைத் துடைத்தபடி என்னிடம் வந்தார்.

“சார், இந்த எடம் முன்ன மாடு மேய்ஞ்ச எடம். ஒரு வருசம் நோவு வந்து செத்த மாட்ட எல்லாம் இங்கதான் பொதச்சாங்கோ. அதுங்கதான் பாலக் கேட்டு வருதுன்னு பொண்ணுங்க பேசிக்கினு கீதுங்க.”

“நீங்க நம்புறீங்களா?”

“நான் இன்னாத்த கண்டேன்? ஆனா ஒண்ணு சார். மூணாம் லைன்ல ஒரு டம்ளர் மட்டும் கழுவ வேண்டியதே இல்ல. பால் குட்ச்ச டம்ளர்ல ஓரத்துல வெள்ளையா ஒரு ஏடு நிக்கும் இல்ல? அதுல நிக்கல. யாரோ துணியால தொடச்சி வெச்சா மாதிரி கீது. மாடு வந்து நக்கிட்டுப் போச்சின்னு இதுங்க சொல்லுதுங்க.”

நான் சிரித்தேன். அன்று மாலை முதலுதவி அறையின் நர்ஸ் என்னைத் தேடி வந்தார். அவர் என்னைவிட இருபது வயது இளையவர். என் வேலையை எனக்குச் சரியாகச் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

“சார், பால் ஆரம்பிச்சதுல இருந்து என்கிட்ட வயித்து மாத்திரை நிக்க மாட்டேங்குது. நாலஞ்சு பேரு தெனம் வர்றாங்க. எல்லாருக்கும் பால் ஒத்துக்காது சார். வேணும்கிறவங்களுக்குப் பால் குடுங்க. மத்தவங்களுக்குத் தயிரோ மோரோ குடுங்க. அதுவும் ஆகாதவங்களுக்கு ஒரு முட்டை, கொஞ்சம் எள்ளுருண்டை. மொதல்ல கேட்டுட்டுக் குடுங்க.”

“ஆளாளுக்கு ஒண்ணுன்னா போர்டுல என்ன போடுறது?” என்றேன்.

அவர் கதவுவரை போய்த் திரும்பினார். “போர்டு எதுக்கு சார் சாப்பாட்டுக்கு?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு குழு வருவதாக இருந்தது. பால் திட்டத்தைப் பார்த்துவிட்டு மற்ற ஆலைகளிலும் கொண்டுவருவது பற்றி முடிவு செய்வார்கள். அதற்கு முந்தின நாள் மதியம் ஷிப்ட் மாறுவதற்கு முன் லாக்கர் அறைக்கு நான் மட்டும் போனேன். ஆட்கள் எல்லாரும் லைனில் இருந்தார்கள். வாடை மூக்கை அடைத்தது. சாம்பல் நிற லாக்கர்கள் இரண்டு வரிசை, நடுவே மூடிய ஜன்னல். தரையில் ஒரு எறும்பு வரிசை போயிற்று. அதன் பின்னாலேயே போனேன். ஒரு லாக்கரின் அடியில் அது மறைந்தது. குனிந்தபோது சத்தம் கேட்டது. உள்ளே ஏதோ சொட்டியது. ஒரு சொட்டு, நெடுநேரம் ஒன்றுமில்லை, பிறகு இன்னொரு சொட்டு.

கதவில் காற்றோட்டத்துக்காகப் போட்ட துவாரங்கள் இருந்தன. அவற்றில் கண்ணை வைத்தேன். உள்ளே வெளுப்பாக, உருண்டையாக, பல தொங்கின. சட்டென்று தலையைப் பின்னுக்கு இழுத்தேன். அடுத்த கணம் அவை என்னவென்று புரிந்துவிட்டது. வாய் முடிந்த பாலிதீன் பைகள்.

கதவில் ஒட்டியிருந்த சீட்டில் மரகதத்தின் பெயர் இருந்தது. முழுவதும் அப்போதே விளங்கிவிட்டது. பக்கத்தில் இருப்பவள் மறைத்துக்கொள்ள, பாலைச் சீருடைக் கோட்டுக்குள் மறைத்திருந்த பையில் ஊற்றிவிட்டு, டம்ளரைத் துடைத்துக் கவிழ்த்திருக்கிறாள். தொட்டியில் கொட்ட முடியாது, அங்கே என் ஆள் நிற்கிறான், கழிவறைக்கும் அவனைத் தாண்டித்தான் போக வேண்டும். வெளியே கொண்டுபோகவும் முடியாது, கேட்டில் பையைக் கொட்டிச் சோதிப்பார்கள். அவளுக்கு இருந்த ஒரே இடம் அந்த லாக்கர்.

இங்கேதான் நீங்கள் என்னைக் கவனிக்க வேண்டும். அதைக் கண்ட உடனே நர்ஸைக் கூப்பிட்டிருக்கலாம். மரகதத்தைத் தனியே அழைத்து, உனக்குப் பால் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மறுநாள் குழு வருகிறது என்பது மட்டும்தான் என் தலைக்குள் இருந்தது. தரையை பினாயில் போட்டுத் துடைக்கச் சொன்னேன். மூன்றாம் லைன் சூப்பர்வைசரிடம், “நாளைக்கு அந்த மண்ணூர்ப் பொண்ண முன்வரிசையில உட்கார வைங்க, எதிரிலேயே குடிக்கட்டும்” என்றேன். இந்தத் தடவை பையில் ஊற்ற முடியாது அல்லவா? அதைத்தான் நினைத்தேன்.

காலை எட்டரை. குழு சுவரோரம் நின்றது. மரகதம் முன்வரிசையில், சுவரில் வரைந்த டம்ளருக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தாள். அவளுடைய இட்லித் தட்டு தொடப்படாமல் இருந்தது. குடிக்கத்தான் வேண்டும் என்று சூப்பர்வைசர் முந்தின நாளே சொல்லிவிட்டதால், வயிற்றைக் காலியாக வைத்திருந்தால் லைனில் மானம் போகாது என்று எண்ணி, அன்றிரவும் காலையும் சோறும் தண்ணீரும் தொடவில்லை என்று பிறகு அறிந்தேன். டம்ளரை எடுத்தாள். நிறுத்தாமல் குடித்தாள். மேலுதட்டில் வியர்வை பூத்திருந்தது. டம்ளரைக் கவிழ்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. என்னைத் தாண்டி வேறு எதையோ பார்ப்பது போலிருந்தது. குழுவில் யாரோ கை தட்டினார்கள்.

குழு லைனைச் சுற்றிப் பார்த்து முடிக்கும்வரை யாரும் இடத்தைவிட்டு நகரக்கூடாது என்று உத்தரவு. பதினொரு மணிக்குள் அவள் இரண்டு முறை வெளியே போகக் கேட்டிருக்கிறாள். விடவில்லை. மூன்றாவது முறை கேட்க வாய் திறந்தவள் அப்படியே முன்னால் சரிந்தாள். மேசை விளிம்பு புருவத்தில் இறங்கியது. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது முகம் முழுவதும் ரத்தம், கண் மேலே செருகியிருந்தது. லைனில் இருந்தவர்களுக்கு அதுதான் கடைசிக் காட்சி. அவள் திரும்பி வரவில்லை.

மதியம் லாக்கரைத் திறந்தார்கள். நர்ஸும் இருந்தார். பதினோரு பைகள் கொக்கியில் தொங்கின. அடியில் வெள்ளைக் கட்டி, மேலே மஞ்சள் நீர். ஒவ்வொன்றின் வாயும் இரட்டை முடிச்சு. எதுவும் ஒழுகிவிடக்கூடாது என்று அவ்வளவு கவனமாக முடிந்திருந்தாள். ஒன்றில் மட்டும் ஊசி முனை அளவு ஓட்டை.

மாலையில் நிர்வாக மேலாளர் அறையில் ஒரு தாளை எனக்கு முன்னால் வைத்தார்கள்.

“சார், பாலால வந்ததுன்னு எழுதினா திட்டமே போயிடும். அந்தப் பொண்ணுக்கு முன்னாடியே வயித்துல கோளாறு. சேரும்போது சொல்லல. அது உண்மைதானே? அத மட்டும் எழுதுங்க.”

அதில் பாதி உண்மை இருந்தது. அதனால்தான் எழுத முடிந்தது. ‘தமது உடல்நலக் குறையை மறைத்துப் பணியில் சேர்ந்தவர்’ என்று என் நல்ல கையெழுத்தில் எழுதிக் கையொப்பமிட்டேன். எனக்கு வைத்திருந்த டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. அந்த ஒரு வரியை வைத்து அவள் பெயரை நீக்கினார்கள். இந்தப் பகுதியில் ஆள் எடுக்கும் ஒப்பந்தக்காரர்கள் ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்வார்கள். நோயை மறைப்பவள் என்று ஒருமுறை எழுதிவிட்டால் எந்தக் கேட்டும் திறக்காது. அவள் உயிர் பிழைத்துவிட்டாள் என்று நர்ஸ் சொன்னார். நான் போய்ப் பார்க்கவில்லை.

திட்டம் சில மாதங்களில் தானாகவே நின்றுபோனது. நான் வேறு ஆலைக்குப் போனேன். இரண்டு வருடம் கழித்து, ஒரகடத்தில், பாலே கொடுக்காத ஒரு கேன்டீனில், ஒரு இளம்பெண் தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்தாள். பக்கத்திலிருந்தவளும் கவிழ்த்தாள். அந்த வரிசை முழுவதும். அதே ஓசை.

“ஏம்மா கவுக்கிறீங்க?” என்று கேட்டேன்.

தெற்கத்திப் பெண் அவள். சாதாரணமாகச் சொன்னாள். “தெறந்து வச்சா மரகதக்கா வந்து வாய வச்சிருமாம்ல சார்.”

“யார் அது?”

“அந்தப் பக்கத்துக் கம்பெனில லைன்லயே செத்துப்போச்சாம். பால் கேட்டுக் கேட்டு, குடுக்காமப் பசியோட செத்துச்சாம். அதுக்கப்புறம் எந்தக் கம்பெனில டம்ளர் நிமிந்திருந்தாலும் வருமாம். நான் பாத்ததில்ல. ஆனா எதுக்கு சார் வம்பு?”

அந்த நேரத்தில் எனக்குத் திரிந்த பாலின் வாடை வந்தது. சமையலறைக்குப் போய்க் கேட்டேன். அங்கே பால் வாங்குவதே இல்லை என்றார்கள். டீயும் பவுடரில்தான். இன்றுவரை அதற்கு எனக்கு விளக்கம் இல்லை. இப்போதும் சில மதியங்களில் வருகிறது.

ஓய்வு பெற்ற பிறகும் மூன்று வருடம் தள்ளிப்போட்டேன். இந்தக் கோடையில் ஒரு கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு மண்ணூருக்குப் போனேன். முகவரி நர்ஸ் கொடுத்தது. தெருவில் விசாரித்தபோது, ஒரு கடைக்காரர், “மரகதமா? அது செத்துட்ச்சின்னு கம்பெனிக்காரப் பசங்க சொல்வானுங்க, நீங்க அதெல்லாம் காதுல போட்டுக்காதீங்க, போங்க” என்று வீட்டைக் காட்டினார். நல்ல வெயில். உள்ளே இருட்டாக இருந்தது. நிழலிலிருந்து ஒருத்தி வந்து நின்றபோது என் கால் பின்னால் போனது. புருவத்தின் குறுக்கே வெளுத்த தழும்பு.

“வாங்க சார். நீங்கதானே அந்தத் தட்டு வரைஞ்சவரு?”

அலமாரியில் டம்ளர்கள் அடுக்கியிருந்தன. கழுவிய டம்ளரைக் கவிழ்ப்பது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். அவள் வீட்டில் எல்லாம் நிமிர்ந்தே இருந்தன. சுற்றி அறை எடுத்துத் தங்கியிருக்கும் வெளியூர்த் தொழிலாளர் சிலருக்குச் சமைத்துப் போடுகிறாள். சுவரில் சாக்பீஸால் பெயர்கள் எழுதியிருந்தாள். ஒருவனுக்கு எதிரே முட்டை. ஒருவனுக்கு எதிரே கத்தரிக்காய். இரண்டு பெயருக்கு எதிரே பால். யார் யாருக்கு எது ஆகாது என்ற கணக்கு அது.

“இருங்க சார், இன்னா குடிக்கிறீங்க? மோரு கீது, கேவுரு கூழு கீது. உங்களுக்கு இன்னா ஆவாது?”

முப்பது வருடம் ஆயிரக்கணக்கானவர்களின் தட்டை நிரப்பியவன் நான். அந்தக் கேள்வியை ஒருவரிடமும் கேட்டதில்லை. கடிதத்தை நீட்டினேன். “நீங்களே படிங்க சார்” என்றாள். படித்தேன். மரகதம் எதையும் மறைக்கவில்லை, பால் ஒத்துக்கொள்ளாமை நோயல்ல, அவளுக்கு நேர்ந்தது என் விதியால் நேர்ந்தது, முன்பு நான் எழுதியது பொய் என்று அதில் இருந்தது.

கேட்டு முடித்துவிட்டு அவள் ஒரு டம்ளரில் மோர் ஊற்றி என்னிடம் நீட்டினாள்.

“என் பேர்ல ஒரு பேய் அங்க சுத்திகினு கீதாம், தெரியுமா சார்? எல்லா கம்பெனிக்கும் போவுதாம். அதுக்கு எப்பவோ பெர்மனென்ட் ஆயிருக்கும்.” சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. “இந்தத் தாள யார்கிட்ட குடுக்கிறது சார்?”

அந்த மேலாளர் இப்போது எங்கே என்று தெரியாது. ஓய்வு பெற்றவன் கையெழுத்துக்கு எந்தக் கேட்டிலும் மதிப்பில்லை. அவள் கொடுத்த மோரைக் குடித்தேன். டம்ளரைக் கீழே வைக்கும்போது என் கை தானாக அதைத் திருப்பப் போனது. அவள் பதறாமல் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

“இங்க அதெல்லாம் வேணாம் சார்.”

அந்தத் தாளை யாரிடம் கொடுப்பது என்று யோசித்துத்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன். அதன் நகல் இத்துடன் இருக்கிறது. நீங்கள் வேலை செய்யும் ஆலைகளில் கேன்டீனுக்கு ஆள் எடுக்கும்போது அவள் பெயரைச் சொல்லுங்கள். யாருக்கு என்ன சமைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்ததைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். டம்ளரைக் கவிழ்க்கும் பெண்ணைப் பார்த்தால் கேலி செய்யாதீர்கள், நிமிர்த்தி வைக்கவும் சொல்லாதீர்கள். மரகதம் சாகவில்லை, மண்ணூரில் இருக்கிறாள் என்று மட்டும் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணுக்கு எது ஆகாது என்று கேளுங்கள்.